நிற்கும் ரயில்: ஒரு வாசிப்பு

'ஃபேக்டோரியோ'வைச் சும்மா கணினி விளையாட்டு என்று ஒதுக்கிவிட முடியவில்லை. பிராக் நகரத்து வூப் சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கி, 2020 ஆகஸ்டில் முழு வடிவம் பெற்ற பிரதி இது. அந்நியக் கோளொன்றில் தனியாக வந்து விழுந்த பொறியாளர் கனிமம் தோண்டி, உலை மூட்டி, ஆலை கட்டி, ராக்கெட் விடுகிறார். தொலைவிலுள்ள கனிமத்தைக் கொண்டுவர ஓட்டுநர் இல்லாத ரயில்கள். அந்த ரயில்கள் நின்றுபோகும் தருணத்திலிருந்து இப்பிரதியை வாசிக்கலாம் என்று தோன்றுகிறது.

போன மாதம் ஓர் இரவு என் ஆலை மொத்தமும் முடங்கிப்போனது. உலைகளுக்கு இரும்புத்தாது வரவில்லை. தண்டவாளத்தோடு போய்ப் பார்த்தால், நாற்சந்தியில் நாலு ரயில்கள், ஒன்றின் வழியை இன்னொன்று மறித்தபடி நிற்கின்றன. தப்பு எந்த ரயில் மேல்? எதன் மேலும் இல்லை. எல்லாமே விதிக்குக் கட்டுப்பட்டுத்தான் வந்திருக்கின்றன.

சிக்னல்கள் தண்டவாளத்தைத் துண்டுகளாகப் பிரிக்கின்றன. ஒரு துண்டில் ஒரு ரயில்தான். சாதாரண சிக்னல் அடுத்த துண்டு காலியா என்று மட்டும் பார்க்கும். காலியென்றால் பச்சை. அதை நம்பி உள்ளே போன ரயில், வெளியேறும் வழி அடைபட்டிருந்தால், சந்தியின் நடுவிலேயே நின்றுவிடும். சங்கிலி சிக்னலோ தனக்கு அப்பாலுள்ள சிக்னலையும் பார்க்கும். வெளியேற வழி இருந்தால்தான் உள்ளே விடும். ஆகவே நுழைவில் சங்கிலி, வெளியேறும் இடத்தில் சாதாரணம். அதற்கப்பால் மிக நீளமான ரயிலும் முழுசாக நிற்க இடம். நான் நுழைவிலும் சாதாரண சிக்னலையே வைத்திருந்தேன். ஒரு ரயிலில் ஏறிக் கையாலேயே பின்னுக்கு ஓட்டியதும் முடிச்சு அவிழ்ந்தது. சிக்னலை மாற்றாமல் விட்டிருந்தால் அடுத்த இரவும் அதே முடிச்சு விழுந்திருக்கும்.

இந்த மட்டில் பிரதி நல்ல ஆசான். ஆளைத் தேடிக் குற்றம் சுமத்தாதே, அமைப்பைப் பார் என்கிறது. கட்டமைப்பு பற்றி மணிக்கணக்கில் பேசிவிட்டு, கடைசியில் யாரோ ஒருவரைத் துரோகியாக்கி எழுந்துபோகிற நமக்கு இது தேவையான பாடம்தான்.

ஆனால் பிரதியின் மௌனம் வேறிடத்தில் இருக்கிறது. இந்த ஆலையில் தொழிலாளி இல்லை. ஆகவே ரயில் நின்றால் அது 'கோளாறு', அவ்வளவுதான். 1974 மே மாதம் இந்திய ரயில்வேயில் லட்சக்கணக்கான தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, ரயில் நின்றதற்கு அர்த்தம் இருந்தது. அது கோரிக்கையாக இருந்தது. அந்த அர்த்தம் இங்கே முன்கூட்டியே அழிக்கப்பட்டிருக்கிறது.

மறுப்பவர்கள் பிரதிக்குள் இல்லாமல் இல்லை. அக்கோளின் பூர்வ உயிர்கள் இருக்கின்றன. ஆலைப் புகை கூடுகளை எட்டியதும் திரண்டு வந்து தாக்குகின்றன. புகைதான் காரணம் என்பதைப் பிரதியே கணக்குப் போட்டுக் காட்டுகிறது. ஆனாலும் அவற்றுக்கு வைத்திருக்கும் பெயர் 'எதிரி'. வேண்டாமென்றால் ஆட்டம் தொடங்கும்போதே அவற்றை இல்லாமல் செய்துவிடலாம். கோள் காலி, மனசாட்சியும் காலி.

தொழிலாளி இல்லை என்றேன், தப்பு. விடியற்காலை மூன்று மணிக்குத் தண்டவாளத்தில் சிக்னல் பிடுங்கி நட்டுக்கொண்டிருந்தவன் யார்? காசு கொடுத்து வாங்கி, கூலியில்லாமல், ஷிப்ட் முடிவேயில்லாமல், சந்தோஷமாக வேலை செய்தவன் நான்தான். ரயில் ஏன் நின்றது என்று இரவெல்லாம் கேட்டேன். எதற்கு ஓடணும் என்று ஒருமுறைகூடக் கேட்கத் தோன்றவில்லை.