பின்கொசுவம்

நாகரிகம் பட்டணத்துக் கண்ணாடி அலமாரிகளிலேதான் பிறக்கிறதென்று எண்ணும் ரசிகர்கள், இலங்கை மலையகத்தில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பெரட்டுக் களத்தில், அதாவது வேலைக்கு ஆள் பிரிக்குமிடத்தில், விடியற்காலையிலே வந்து நிற்கும் பெண்களை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசுவது உத்தமம்.

தமிழகத்துக் கிராமங்களிலிருந்து முதலில் கோப்பிக்கும், 1867இல் தோட்டத்துரை ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துராத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்ட பின்னர் அதற்குமாக வந்து சேர்ந்த குடும்பங்களின் பாட்டிமார், கொசுவத்தை முன்னே தொங்கவிடாது பின்னிடுப்பில் செருகிக் கட்டிய கட்டு, செங்குத்தான சரிவில் ஏறும் காலுக்குச் சௌகரியத்தையும் நடைக்குக் கம்பீரத்தையும் ஒருங்கே அளித்தது.

சேலைக்கு மேல், இடுப்பைச் சுற்றிப் படங்கு என்னும் முரட்டுத் துணி; தலையிலோ, கொழுந்துக் கூடையின் கயிறு அழுத்துமிடத்தில் நாலாக மடித்த துணி. அதன் விளிம்பு நெற்றிக்கு மேல் நேர்கோடாக நிற்கும்படி ஒற்றை விரலால் இழுத்துவிடும் லாகவத்திலே பிரயோஜனம் எது, அலங்காரம் எது என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலாது.

தீபாவளி முற்பணத்தில் அட்டன் கடைவீதியிலே பேரம்பேசி வாங்கிய சேலை, முதலில் கோயிலுக்கும், பிறகு கல்யாணங்களுக்கும், சாயம் வெளுத்தபின் மலையில் கொழுந்தெடுக்கும் வேலைக்குமாக இறங்கிவருவதுதான் வழக்கம். அப்போதும் சட்டையின் நிறத்துக்குப் பொருத்தம் பார்த்தே அதைக் கட்டுகிறார்கள்.