எட்டுப் பேர் கூடாரமும் ஆனிக் காற்றும்

பெரிய கூடாரம் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, எத்தனை பேர் படுக்கலாம் என்பது. அடுத்தது, மழை தாங்குமா என்பது. இரண்டும் கேட்க வேண்டியவைதான். ஆனால் உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு தோட்டத்துக் களத்தில், ஆனி மாதக் காற்றில் எங்கள் புதுக் கூடாரத்தை முதன்முதலாக நிறுத்திப் பார்த்த பிறகு நான் முதலில் கேட்கச் சொல்வது முளையையும் கயிற்றையும் பற்றித்தான்.

வாங்கியது சுரங்க வடிவக் கூடாரம். மூன்று வளைவுக் கம்பிகள், பின்னால் இரண்டு படுக்கையறைகள், முன்னால் கூடம். ஆறடி ஆள் நிமிர்ந்து நிற்கலாம். பையோடு கிட்டத்தட்ட 18 கிலோ. கார் இல்லாமல் எடுத்துப் போக முடியாது. எட்டுப் பேர் என்று பெட்டியில் போட்டிருப்பது, ஆளுக்கு 60 சென்டிமீட்டர் அகலம் என்ற கணக்கில். கல்யாண மண்டபத்து ஜமுக்காளத்தில் படுப்பதுபோல நெருக்கிப் படுத்தால் எட்டுப் பேர். பைகளையும் வைத்துக்கொண்டு புரண்டு படுக்க வேண்டுமென்றால் நாலு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள். அதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன்.

இடம் பார்ப்பதில் அவசரம் கூடாது. தென்னந்தோப்பு நிழல் ஆசை காட்டும். மட்டையும் காயும் விழுகிற இடத்தில் பிள்ளைகளைத் தூங்க வைக்கக் கூடாது. அதனால் தோப்பை விட்டுத் தள்ளிக் களத்துக்கு வந்தோம். அங்கே காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று நேராக இந்தப் பக்கம்தான் வருகிறது. உடுமலையைச் சுற்றி இத்தனை காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமே அதுதான். காலையில் சற்று அடங்கியிருக்கும், வெயில் ஏற ஏறப் பலம் பிடிக்கும். கூடாரத்தின் பின்பக்கத்தை மேற்கே திருப்பி, முதலில் அந்த இரண்டு மூலைகளையும் முளையடித்துவிட்டுத்தான் மற்ற வேலை. வாசல் மேற்கே இருந்தால் காற்று உள்ளே புகுந்து மொத்தத்தையும் தூக்கிவிடும்.

கம்பிகள் கண்ணாடியிழை. துண்டு துண்டாக இருப்பவற்றை உள்ளே ஓடும் எலாஸ்டிக் கயிறு சேர்த்து வைத்திருக்கிறது. துணியின் மேல் தைத்த உறைக்குள் விட்டுத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். மறுமுனையில் நிற்கிறவர் உதவுவதாக நினைத்து இழுத்தால் துண்டுகள் உறைக்குள்ளேயே கழன்றுகொள்ளும். பிறகு வெளியே எடுத்துப் பூட்டி மறுபடி முதலிலிருந்து. ஒருவர் தள்ள, இன்னொருவர் துணியைச் சுருக்கம் நீக்கிக் கொடுக்க, வழுக்கிக்கொண்டு போகிறது. இந்தக் கம்பிகளின் நுனியைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். சிம்பு விரலில் ஏறினால் கண்ணுக்கே தெரியாது, நாளெல்லாம் உறுத்தும்.

குவிமாட வடிவமாக இருந்தால் முளை அடிக்காமலே நிற்கும். இது நிற்காது. முன்னும் பின்னும் இழுத்துக் கட்டினால்தான் எழும். அங்கேதான் இந்தக் கூடாரத்தின் பெரிய குறை தெரிந்தது. பெட்டியில் கொடுத்திருக்கும் முளைகள் மெல்லிய வளைகம்பிகள். செம்மண்ணில் சரளை தட்டியதும் பாதி வளைந்துவிட்டன. பார்த்துக்கொண்டிருந்த தோட்டத்துப் பெரியவர், "இதெல்லாம் நம்ம மண்ணுக்கு ஆகாதுங்க தம்பி. ஆடு கட்டற மொளை இருக்குது, எடுத்தாரேன்" என்று போய்க் கொண்டுவந்தார். ஓரடி நீள இரும்பு முளைகள். தலை கூடாரத்தை விட்டு வெளிப்பக்கம் சாயும்படி சாய்த்து அடித்தோம். கயிறு முளையைக் கிட்டத்தட்டச் செங்கோணத்தில் இழுக்க வேண்டும். அப்புறம் ஒன்றுகூட அசையவில்லை. ஆட்டு முளை கிடைக்காதவர்கள் இரும்புக் கடையில் பத்து எம்.எம். கம்பியை ஓரடித் துண்டுகளாக வெட்டித் தலையைக் கொக்கியாக வளைத்து வாங்கிக்கொள்ளலாம்.

காற்று ஏறியதும் வேண்டுமென்றே நடு வளைவின் பக்கக் கயிறுகளை மட்டும் தளர்த்திப் பார்த்தேன். அந்த வளைவு உள்ளே குழிந்து குழிந்து எழுந்தது, துணி படபடவென்று அடித்துக்கொண்டது. கயிற்றை இறுக்கியதும் சத்தம் பாதியாகக் குறைந்தது, வளைவு நேராக நின்றது. நல்ல வானிலையில் பலரும் கட்டாமல் விடுவது இந்தப் பக்கக் கயிறுகளைத்தான். எங்கே தொய்வோ அங்கேதான் துணி அடித்துக்கொள்ளும், அங்கேதான் தையலும் முதலில் விடும். துணி நன்றாக இருக்கிறது. முளைக்கு இன்னும் கொஞ்சம் செலவழித்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இருக்கிறது.

மழைக்கு 3000 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிறார்கள். அந்தத் துணியின் மேல் மூன்று மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினாலும் கசியாது என்று பொருள். மோட்டார் தண்ணீரைக் குழாயில் பிடித்து அடித்துப் பார்த்தோம். துணியிலும் தையல் பட்டையிலும் ஒரு சொட்டு இல்லை. வாசல் ஜிப்பின் அடிமூலையில் மட்டும் ஈரம் கோத்தது. கீழே தனியாகத் தார்ப்பாய் விரிக்கிறவர்கள் அதன் ஓரத்தைக் கூடாரத்துக்கு வெளியே நீட்டாமல் உள்ளே மடித்துவிட வேண்டும்; நீட்டினால் மழைத் தண்ணீரை அதுவே வாங்கி உள்ளே அனுப்பும்.

வெயிலில் இது படுக்கிற இடமில்லை. ஜன்னல், வாசல் எல்லாம் திறந்தும் நடுப்பகலில் உள்ளே இருக்க முடியவில்லை. இரவு குளிர்ச்சியாக இருந்தது. விடியும்போது வெளித்துணியின் உள்பக்கம் முழுக்க நீர்த்துளிகள். கசிவு என்று பயப்பட வேண்டாம், எல்லாரும் விட்ட மூச்சுதான். மேல் ஜன்னலைத் திறந்து வைத்தால் குறையும். குளிர்கிறதென்று உள்ளே அடுப்பு மட்டும் பற்றவைக்கவே கூடாது. தீ ஒரு பக்கம், மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு இன்னொரு பக்கம்.

மடிக்கும்போது பின்பக்கத்திலிருந்து வாசல் பக்கமாகச் சுருட்டினால் காற்று ஜிப் வழியாக வெளியேறும், பைக்குள் அடங்கும். ஈரத்தோடு கட்டிவைக்காதீர்கள். உள்பக்கப் பூச்சு ஈரத்தில் பிசுபிசுத்து உரிந்துவிட்டால் 3000 என்ற எண்ணுக்கு அர்த்தமில்லை. கடற்கரை ஊர்க்காரர்கள் அவ்வப்போது பிரித்து நிழலில் உலர்த்தி வையுங்கள்.