கதவில்லாத அலமாரி: ஜெர்மன் வாடகை வீட்டில் எதற்கு உதவும், எதற்கு உதவாது

ஜெர்மனியில் வாடகை வீடு பார்க்கப் போகும் தமிழ்க் குடும்பம் முதலில் திகைத்து நிற்கும் இடம் சமையலறை. பல வீடுகளில் அங்கே தண்ணீர்க் குழாயின் முனையும் அடுப்புக்கான மின் இணைப்பும் மட்டுமே இருக்கும். தொட்டி, மேடை, அலமாரி எல்லாவற்றையும் முன்பு குடியிருந்தவர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். அல்லது ஒரு தொகை கொடுத்தால் விட்டுச் செல்வதாகச் சொல்வார். புதிதாகப் பொருத்தினால் சில ஆயிரம் யூரோ ஆகும். மூன்று மாத வாடகை வரை முன்பணம் கட்டிக் கை வறண்டிருக்கும் நேரம் அது. அதனால்தான் சுவரில் பலகை அடித்துச் சாமான்களைத் திறந்தபடி அடுக்கும் வழக்கம் இங்கே இவ்வளவு பேரை ஈர்க்கிறது. அதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் சுவர் முழுக்கப் பலகையாக, படங்களில் காட்டுகிற அளவுக்கு அல்ல.

சிக்கனம் என்பது உண்மைதான். பாவ்மார்க்ட் எனப்படும் கட்டுமானப் பொருள் பேரங்காடிகளில் வாங்கும் பலகையை நாம் சொல்லும் அளவுக்கு அங்கேயே அறுத்துத் தருவார்கள். தாங்கிகளும் திருகாணிகளும் சேர்ந்தாலும் செலவு சொற்பம். வீடு மாறும்போது கழற்றி எடுத்துப்போகலாம். ஒரு சமையலறைக்கென அளவெடுத்துச் செய்த அலமாரி அடுத்த வீட்டின் மூலைக்குப் பெரும்பாலும் பொருந்தாது.

இன்னொரு நன்மையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. குளிர்காலத்தில் வெளிச்சுவர் சில்லிட்டுக் கிடக்கும். சோறு வடிக்கும் ஆவியும் இட்லிப் பானையின் ஆவியும் அந்தச் சுவரில் நீராகப் படியும். சுவரோடு ஒட்டி நிற்கும் மூடிய அலமாரியின் முதுகுப் பக்கம் காற்றுப் போகாததால் அங்கே கருப்புப் பூஞ்சை பிடிக்கும். வெளிச்சுவரிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளித் தளவாடம் வையுங்கள் என்று இங்கே சொல்வது இதனால்தான். திறந்த பலகையில் காற்று தடையில்லாமல் ஓடும். வெப்பக்காப்பு இல்லாத பழைய கட்டடத்தில் இந்த ஒரு காரணமே போதும்.

ஆனால் கதவை வேண்டாம் என்று ஒதுக்குவதற்கு முன் பிராங்க்பர்ட்டின் அனுபவத்தைப் பார்க்க வேண்டும். 1926இல் கட்டடக் கலைஞர் மார்கரெட்டெ ஷூட்டெ-லிஹாட்ஸ்கி அங்கே வடிவமைத்த சமையலறை சுமார் 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். நகரத் திட்டமிடுநர் எர்ன்ஸ்ட் மை தலைமையில் எழுந்த குடியிருப்புகளில் சுமார் 10,000 வீடுகளில் அது அமைக்கப்பட்டது. குறைந்த செலவு, குறுகிய இடம் என்று இன்றைய வாடகைதாரரின் நெருக்கடிகள் அவருக்கும் இருந்தன. அப்படியும் மேல் அலமாரிக்கு நகரும் கண்ணாடிக் கதவு வைத்தார்; அரிசி, மாவு போன்றவற்றுக்குப் பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள் வைத்தார். பெண்களின் வீட்டு வேலையைக் குறைப்பதே அவர் நோக்கம். கதவும் வேலையைக் குறைக்கும் ஒரு கருவிதான் என்று அந்த வடிவமைப்பைப் பார்க்கும்போது தோன்றுகிறது. கதவை எடுத்துவிட்டால் தூசி துடைக்கும் வேலை திரும்பி வரும். பெரும்பாலான வீடுகளில் அது யார் தலையில் விழும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நம் சமையலில் அந்த வேலை இன்னும் கூடும். தாளிப்பிலும் பொரிப்பதிலும் எழும் எண்ணெய்ப் புகை, தூசியோடு சேர்ந்து பிசுக்காகப் படியும். வாடகை வீடுகளில் உள்ள புகைபோக்கிகள் பல, காற்றைக் கரி வடிகட்டி வழியாக இழுத்து அறைக்குள்ளேயே திருப்பி விடுபவை. வாடை குறையும், ஆவி வெளியேறாது, பிசுக்கும் முழுதாக நீங்காது. தினமும் கழுவும் சாப்பாட்டுத் தட்டுக்கும் தம்ளருக்கும் இதனால் பாதிப்பில்லை. விருந்தாளி வந்தால் மட்டும் எடுக்கும் பாத்திரங்களை ஒவ்வொரு முறையும் எடுத்துக் கழுவிய பிறகே பயன்படுத்த முடியும்.

தமிழ்நாட்டுப் பழைய வீடுகளின் கடப்பைக் கல் தட்டுகளும் திறந்தவைதானே என்று கேட்கலாம். திறந்தவைதான். ஆனால் அவற்றில் இருந்தவை இறுக மூடிய எவர்சில்வர் டப்பாக்கள். இங்கே வழக்கமாகிவிட்ட கண்ணாடிக் குப்பிகளில் வெளிச்சம் பட்டால் மஞ்சள் தூளும் மிளகாய்த் தூளும் நிறம் வெளுக்கும். ஜெர்மன் வீடுகளில் சாதாரணமாகக் காணப்படும் உணவு அந்துப்பூச்சியின் புழுக்களோ மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கூடத் துளைத்து அரிசிக்கும் மாவுக்கும் போய்விடும். ஆகவே பலகை திறந்திருக்கலாம். அதில் இருக்கும் உணவுப் பொருள் மூடியிருக்க வேண்டும். ஒரே மாதிரியான இருபது குப்பிகளைக் கடையில் வாங்கினால் பலகையில் மிச்சம் பிடித்த பணம் அங்கே போய்விடும். வெள்ளரிக்காய் ஊறுகாய் தீர்ந்த போத்தல்கள் போதும். மசாலாத் தூளுக்குப் பழைய தகர டப்பாவே நல்லது.

சுவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆர்தர் பிஷர் என்ற ஜெர்மானியர் 1958இல் உருவாக்கிய நைலான் செருகிதான் இன்று உலகெங்கும் திருகாணியைச் சுவரில் பிடித்து வைக்கிறது. ஆனால் கான்கிரீட்டுக்கும் ஜிப்சம் பலகைச் சுவருக்கும் ஒரே செருகி ஆகாது. தட்டிப் பார்த்துப் பொள்ளல் சத்தம் கேட்டால் அதற்கென உள்ள செருகியைத்தான் வாங்க வேண்டும். 18 மில்லிமீட்டர் பைன் பலகைக்கு 60 சென்டிமீட்டருக்கு ஒரு தாங்கி கொடுங்கள். அரிசி மூட்டையை மேலே ஏற்றாதீர்கள். மேடைக்கு மேலே, தரையிலிருந்து 100 முதல் 130 சென்டிமீட்டர் உயரத்தில் மின்கம்பி ஓடுவது இங்கே வழக்கம். பழைய வீட்டில் எங்கும் ஓடலாம். கம்பி கண்டறியும் கருவி இல்லாமல் துளை போடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமையும் துளைக்கக் கூடாது. காலி செய்யும்போது துளைகளை அடைத்துக் கொடுக்க வேண்டுமா என்பதை ஒப்பந்தத்தில் முன்கூட்டியே படித்துவிடுங்கள்.

என் தீர்ப்பு இது. அடுப்பிலிருந்து தள்ளியிருக்கும் ஒரு சுவரில், 20 முதல் 25 சென்டிமீட்டர் ஆழத்தில், இரண்டே பலகை அடியுங்கள். அன்றாடம் கைக்கு வரும் பாத்திரங்களை மட்டும் அங்கே வையுங்கள். மிச்சப் பணத்தில், யாரோ வீடு மாறும்போது மலிவாகக் கொடுக்கும் கதவுள்ள பழைய அலமாரி ஒன்றை வாங்குங்கள்.