கடைசியில்தான் வெனிஸ்

வெனிஸ் மாரத்தானை முதன்முறை பார்க்கிறவர்கள், ‘இதில் வெனிஸ் எங்கே?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அக்டோபர் ஞாயிறு காலையில் ஓட்டம் தொடங்குவது நகரத்துக்கு மேற்கே உள்ள ஸ்த்ரா என்னும் சிற்றூரில். 42.195 கிலோமீட்டரில் கடைசி ஐந்தாறு கிலோமீட்டர்தான் நாம் படங்களில் பார்க்கும் வெனிஸ்.

அதற்காக முன்பாதியைத் தள்ளிவிட வேண்டாம். பிரெந்தா நதியோரம் அந்தக் கால வெனிஸ் பிரபுக்கள் கோடைக்குப் படகேறி வந்து தங்கிய மாளிகைகள் வரிசையாக நிற்கின்றன. ஸ்த்ராவின் வில்லா பிசானியை 1807இல் நெப்போலியன் வாங்கினார். 1934இல் ஹிட்லரும் முசோலினியும் முதன்முதலில் சந்தித்ததும் அங்கேதான். பிறகு மார்கேராவின் தொழிற்சாலைகள், மெஸ்த்ரேயின் அடுக்குமாடிகள். அழகில்லைதான். ஆனால் வெனிஸில் வேலை பார்க்கும் பலருக்கு வீடு இந்தப் பக்கம்தான்.

என்னைக் கேட்டால், கண் கொட்டாமல் பார்க்கவேண்டியது 1933இல் திறந்த லிபெர்த்தா பாலத்தை. காயலின் மேல் ஏறக்குறைய 4 கிலோமீட்டர். வளைவில்லை, மேடில்லை, நிழலில்லை. பக்கத்திலேயே ரயில் போகும். முப்பது கிலோமீட்டரைத் தாண்டி, உடம்பில் சேர்த்துவைத்த சர்க்கரை தீர்ந்துபோகும் நேரத்தில் இதில் ஏறுகிறார்கள். கோபுரங்கள் எதிரே தெரியும், கிட்டத்தான் வராது. முகத்தைவிடத் தோள்களைக் கவனியுங்கள்: தளர்ந்தவருக்கு அவை காதை நோக்கி ஏறும். எதிர்க்காற்று அடித்தால் அனுபவசாலி இன்னொருவர் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொள்வார்.

ஊருக்குள் நுழைந்ததும் 14 சின்னப் பாலங்கள். படிக்கட்டுகளின் மேல் மரப்பலகைச் சாய்தளம் போட்டிருப்பார்கள்; காலடி தடதடவென்று கேட்கும். ஏறுவதைப் பார்க்கத்தான் கூட்டம் கூடும். நீங்கள் இறங்கும் பக்கம் நில்லுங்கள். ஒவ்வொரு அடியிலும் உடம்பின் பாரத்தைத் தாங்கி நிறுத்துவது களைத்துப்போன முன்தொடைத் தசை. தேர்ந்தவர் அடியைச் சுருக்கி இறங்குவார். மற்றவர் முழங்காலைப் பிடித்துக்கொள்வார். நிற்பதற்கு நல்ல இடம் ஸாத்தெரே கரை. அதன் முனையிலிருந்து கிராண்ட் கால்வாயைக் கடக்க இந்த ஓட்டத்துக்கென்றே மிதவைப் பாலம் கட்டுகிறார்கள். சாதாரண நாளில் அங்கே படகில்தான் கடக்கமுடியும்.

2017இல் முன்னணி வீரர்கள் வழிகாட்டி மோட்டார் சைக்கிளைப் பின்தொடர்ந்து தடம் மாறிப் போய்விட்டார்கள். சந்துபொந்து நிறைந்த வெனிஸில் அல்ல, நேர்ச்சாலைகள் உள்ள நிலப்பகுதியில்! பின்னால் வந்த எயோப் ஃபானியேல் ஜெயித்தார். 22 ஆண்டுகளுக்குப் பிறகு ஓர் இத்தாலியருக்குக் கிடைத்த வெற்றி அது.

ஓட்டம் முடிந்தாலும் அந்தச் சாய்தளங்களை உடனே பிரிப்பதில்லை; சில மாதங்கள் விட்டுவைப்பது வழக்கம். சக்கர நாற்காலியில் வருபவரும் குழந்தை வண்டி தள்ளுபவரும் அப்போது அந்தப் பாலங்களைத் தாண்டிவிடலாம். பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு வெனிஸ் போகிறவர்களுக்கும் நவம்பர் மாதம் வசதி.