கோபல்ல கிராமமும் நம் வீட்டுக் கதைகளும்

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையே, அருச்சுனா நதியோரம் அமைந்தது ஆனைக்குட்டம். வெளியூரார் இவ்வட்டாரத்தைப் பட்டாசுத் தொழிலால் அறிவர், மண்ணோ கரிசல். பருத்தியும் கம்பும் விளைத்த குடும்பங்களின் பூமி. அத்தகைய உழவர் குடும்பமொன்றின் வரலாற்றை அறிய விழைவோர்க்கு, இதே கரிசல் தெற்கே நீளும் கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' இருக்கிறது. 1976இல் வெளிவந்த இந்நாவலைக் கையிலெடுக்கும் முஸ்லிம் வாசகர்க்கு ஒரு தயக்கம் எழக்கூடும். அதைப் பற்றியே இங்குப் பேச விரும்புகிறோம்.

தெலுங்கு நாட்டில் சென்னாதேவி என்னும் அழகி. அவளை மணக்க விரும்புகிறான் ஒரு துலுக்க ராஜா. பெண்ணைக் காக்கக் குடும்பம் இரவோடிரவாகத் தெற்கு நோக்கி ஓடுகிறது. கரிசலில் காட்டை எரித்துக் கழனியாக்குகிறது. நூறு வயதைக் கடந்த மங்கத்தாயாரு அம்மாள் இதைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்கிறாள்.

கொடியவன் நம் பெயர் தாங்கி வருகிறானே என்று நெஞ்சு உறுத்துவது இயல்பு. ஆயினும் இக்கதை ஆசிரியரின் கற்பனையில் முளைத்ததன்று. தொட்டியர்களிடையே வழங்கிய இதையொத்த கதையை 1909ஆம் ஆண்டிலேயே எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார். வரலாற்றாசிரியர்களோ, விசயநகர, நாயக்கர் ஆட்சி தெற்கே பரவியதும், கரிசலை உழவறிந்த கைகள் நாடியதும் இக்குடியேற்றத்தின் பெருங்காரணங்கள் என்பர். பல தலைமுறைப் பயணம், பாட்டியின் வாயில் ஒரே இரவின் ஓட்டமாகச் சுருங்கிவிட்டது. குடும்ப நினைவு இயங்கும் முறையே அதுதான்.

நம் வீடுகளிலும் இத்தகைய கதை இல்லையா? ஈராக்கின் ஆளுநர் ஹஜ்ஜாஜ் பின் யூசுபின் கொடுமைக்கு அஞ்சிக் கடல் கடந்தவர்களே நவாயத்துகளின், லெப்பைமாரின் முன்னோர் என்றொரு மரபுரையைக் கர்னல் வில்க்ஸ் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதி வைத்தார். அங்கே விரட்டியவனும் முஸ்லிம், ஓடியவர்களும் முஸ்லிம்கள். ஆக, அந்த ராஜாவை அஞ்சி ஓடிய மங்கத்தாயாருவின் முன்னோரும், ஹஜ்ஜாஜை அஞ்சி ஓடிய நம் முன்னோரும் கதையளவில் உறவினரே. இதை உணர்ந்தபின் அந்நாவல் நமக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

நாவலின் வெற்றி, அது ஆவணம்போல் பேசாமல் பாட்டியைப் பேசவிட்டதில் இருக்கிறது. காட்டை வயலாக்கிய உழைப்பை இத்துணை நெருக்கமாகச் சொன்ன தமிழ் நாவல்கள் சிலவே.

குறையும் உண்டு. பாட்டியின் நினைவை ஆசிரியர் எங்கும் குறுக்கிட்டுக் கேட்கவில்லை. ராஜா முகமற்ற நிழலாகவே நின்றுவிடுகிறான். நினைவை நினைவென்று உணராத வாசகர், அந்நிழலைப் பக்கத்து வீட்டு முஸ்லிமின்மேல் படரவிடும் ஆபத்து இருக்கிறது. கோட்டையார் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தால் ஊரின் கடைக்கோடிக் குடிசை தெரிவதுமில்லை. அக்குடிசையின் கதைக்கு நாம் பூமணியின் 'பிறகு' (1979) நாவலை நாட வேண்டியிருக்கிறது.

இது கரிசலுக்கு மட்டும் உரிய குறையன்று. அமெரிக்காவின் நடுமேற்கில், 1862ஆம் ஆண்டுச் சட்டப்படி 160 ஏக்கர் பெற்றுக் குடியேறிய உழவர்களின் குடும்ப வரலாறுகள் பலவும், ஐரோப்பாவில் பட்ட துயரை விரித்துரைத்து, அந்நிலத்திலிருந்து அகற்றப்பட்ட பூர்வகுடிகளை ஓரிரு வரியில் கடந்துவிடுகின்றன. தாம் ஓடிவந்ததை எக்குடும்பமும் மறப்பதில்லை. தம் வருகையால் இடம்பெயர்ந்தோரை நினைப்பது அரிது.

எனவே 'கோபல்ல கிராம'த்தை வீட்டுக்குள் வரவிடுவோம். பிள்ளைகளுடன் சேர்ந்தே படிப்போம். ராஜா வரும் பக்கத்தில் நிறுத்தி, ஹஜ்ஜாஜின் கதையையும் சொல்வோம். அத்துடன் நில்லாமல், ஏர் பிடித்த நம் ராவுத்தர் குடும்பங்களின் கதைகளையும் நன்னிமார் இருக்கும்போதே கேட்டு எழுதுவோம். எழுதும்போது ஒன்றை மட்டும் மறவாதிருப்போம்: யாருக்கு அஞ்சி வந்தோம் என்பதோடு, வந்த இடத்தில் யார் நமக்கு இடம் கொடுத்தார் என்பதும் குடும்ப வரலாறே.