மின்சாரம் போனாலும் மேலே வரும் கலம்

ஆழ்கடல் கருவிகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் எண்களில் தொடங்கி எண்களிலேயே முடிந்துவிடுகிறது. எத்தனை மீட்டர் இறங்கியது, சுவர் எவ்வளவு தடிமன், எத்தனை டன் அழுத்தத்தைத் தாங்கியது என்பதோடு வியப்பு நின்றுபோகிறது. தாங்குவது பெரிய காரியம்தான்; ஆனால் எஃகைத் தடிக்கத் தடிக்க வார்த்தால் இன்னும் கொஞ்சம் தாங்கும், அவ்வளவே. இந்தத் துறையின் உயர்ந்த கண்டுபிடிப்புகள் வேறு சாதி. கடலின் அழுத்தத்தையே வேலைக்கு அமர்த்திக்கொள்பவை அவை. ஏதாவது பழுதானால், அந்தப் பழுதே உள்ளே இருப்பவரைக் கரைசேர்க்கும்படி அமைந்தவை. 1960 ஜனவரி 23 அன்று பசிபிக்கின் மரியானா அகழியில், ஏறத்தாழ 10,900 மீட்டர் ஆழத்தில், இரண்டு மனிதர்களோடு தரைதட்டிய ‘திரியெஸ்தே’ கலம் இதற்கு முதல் சான்று.

அதை வடிவமைத்த ஒகுஸ்த் பிக்கார் சுவிட்சர்லாந்துக்காரர், இயற்பியலாளர். 1931இல் பலூனில் ஏறி 15 கிலோமீட்டருக்கும் மேலே போய் வந்தவர். அதே பலூனைத்தான் அவர் கடலுக்குள் தலைகீழாக அனுப்பினார் என்று சொல்லலாம். ஆட்கள் உட்காரும் எஃகுக் கோளம் நீரில் தானாக மூழ்கிவிடும். அதை மீண்டும் தூக்கிவர ஒரு மிதவை வேண்டும். காற்றடைத்த தொட்டி அந்த ஆழத்தில் நசுங்கிப்போகும். பிக்கார் தொட்டியில் பெட்ரோலை நிரப்பினார், எண்பதாயிரம் லிட்டருக்கும் மேல். பெட்ரோல் நீரைவிட லேசானது. நுட்பம் அடுத்த படியில் இருக்கிறது: தொட்டியின் அடிப்பக்கத்தைக் கடலுக்குத் திறந்தே விட்டார். உள்ளேயும் வெளியேயும் ஒரே அழுத்தம். எதிர்த்து நிற்க எதுவும் இல்லாததால், உலகின் மிக ஆழமான இடத்துக்குப் போன அந்த மிதவைக்கு மெல்லிய தகடே போதுமானதாக இருந்தது.

இன்னும் அருகில் போய்ப் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, பாரம். கலத்தை இறக்கவும் ஏற்றவும் சுமார் 9 டன் இரும்புக் குண்டுமணிகள் புனல் வடிவத் தொட்டிகளில் இருந்தன. புனலின் கழுத்தில் கதவு கிடையாது, தாழ்ப்பாள் கிடையாது; சுற்றிலும் ஒரு மின்சுருள் மட்டும். மின்சாரம் ஓடும்வரை குண்டுமணிகள் காந்தமாகி ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கழுத்தை அடைத்து நிற்கும். மின்சாரத்தை நிறுத்தினால் பொலபொலவென்று கொட்டும், கலம் லேசாகி எழும். மின்கலம் செத்தாலும், கம்பி அறுந்தாலும் நடப்பது அதே ஒன்றுதான். இரண்டாவது, சன்னல். அக்ரிலிக் கட்டியைக் கூம்பாகக் கடைந்து, அகலமான முகம் கடலைப் பார்க்கும்படி பொருத்தினார்கள். அழுத்தம் கூடக்கூட, போத்தல் வாயில் அடித்த தக்கையைப் போல அது தன் இருக்கையில் மேலும் இறுகும். கண்ணாடி என்றால் அழுத்தம் குவியும் ஓரிடத்தில் விரிசல் விட்டிருக்கும். அக்ரிலிக் அங்கே சற்றே நெகிழ்ந்து பாரத்தைப் பகிர்ந்துகொடுத்துவிடும்.

அப்படியானால் அந்தக் கோளம் என்ன என்று கேட்கலாம். 12.7 சென்டிமீட்டர் தடித்த எஃகு, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஒரு டன்னுக்கும் மேலான சுமை. அது வெறும் தாங்குதல்தானே? ஆம். மனித நுரையீரலுக்குச் சாதாரணக் காற்றழுத்தம் வேண்டியிருக்கிறது. அந்த ஓரிடத்தில் கடலோடு சமரசம் செய்ய வழியில்லை. ஆனால் எதிர்ப்பை அந்த ஓரிடத்தோடு நிறுத்தியதும், பாரத்தை எல்லாப் பக்கமும் சமமாகப் பங்கிடும் கோள வடிவத்தை அதற்குத் தேர்ந்ததும் அதே சிந்தனையின் பகுதி. இன்னொரு குறையும் மெய்யானது. ஆழத்தில் பெட்ரோல் நீரைவிட அதிகமாகச் சுருங்கும், குளிர்ந்தும் போகும். மிதக்கும் திறன் குறைந்து, இறங்க இறங்க வேகம் கூடும். அதைக் குண்டுமணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்துத்தான் ஈடுகட்ட வேண்டியிருந்தது. பின்னால் வந்தவர்கள் பெட்ரோலைக் கைவிட்டு, நுண்ணிய கண்ணாடிக் குமிழிகளைப் பிசினில் குழைத்து இறுக்கிய திட நுரைக்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம். பொருள் மாறியது, சுமப்பவனையும் தூக்குபவனையும் தனித்தனியே பிரித்த ஏற்பாடு மாறவில்லை.

வலுவான ஆட்சேபம் வேறொன்று. திரியெஸ்தே ஏறி இறங்கும் மின்தூக்கி மாதிரிதான். பக்கவாட்டில் நகர்வதே பெரும்பாடு. விரைந்து பாயவேண்டிய போர் நீர்மூழ்கிக்கு இந்த அழகெல்லாம் கட்டுப்படியாகாது என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த வேகத்துக்கு என்ன விலை என்பதை 1963 ஏப்ரலில் அட்லாண்டிக்கில் மூழ்கிய அமெரிக்க அணுநீர்மூழ்கி ‘திரெஷர்’ காட்டியது. 129 பேர் மாண்டார்கள். அவசரத்தில் அது மேலே வரவேண்டுமானால், உயரழுத்தக் காற்று பாய்ந்து தொட்டியிலிருக்கும் நீரை வெளியே தள்ளவேண்டும். அதன் உடன்பிறப்பான கப்பலில் பிறகு செய்த சோதனையில், காற்றிலிருந்த ஈரம் வடிகட்டியில் பனிக்கட்டியாகி வழியை அடைத்தது தெரியவந்தது. இங்கே உயிர்பிழைக்க ஒரு கருவி வேலை செய்தாக வேண்டும். திரியெஸ்தேயில் ஒன்று வேலையை நிறுத்தினாலே போதும். திரெஷரின் சிதைவுகளைத் தேடி இறங்கிக் கண்டதும் அதே திரியெஸ்தேதான். அதன்பின் அமெரிக்கக் கடற்படை ஒவ்வொரு பற்றவைப்புக்கும் வால்வுக்கும் சான்றிதழ் கேட்கும் கடுமையான முறையைக் கொண்டுவந்தது. அந்தச் சான்று பெற்ற எந்த நீர்மூழ்கியும் இதுவரை மூழ்கிப்போகவில்லை. ஆக, பாதுகாப்பு வேறு வழியிலும் கிடைக்கும். பிக்கார் புவியீர்ப்பிடம் இலவசமாக வாங்கியதை, மற்றவர்கள் ஓயாத கண்காணிப்பைக் கொடுத்து வாங்குகிறார்கள்.

இன்றைய ஆழ்கடல் ரோபோக்களின் மோட்டாரைத் திறந்தால் உள்ளே எண்ணெய் நிரம்பியிருக்கும்; வெளியழுத்தத்தை அப்படியே உள்ளே வாங்கிச் சமன்செய்வதால் அதற்குத் தடித்த கூடு வேண்டாம். திறந்த அடியுள்ள பெட்ரோல் தொட்டியின் நேர் வாரிசு அது. சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிவரும் மத்ஸ்யா 6000, மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோக வேண்டிய கலம். 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் நீரில் இறக்கி அதைச் சோதித்தார்கள். செய்திகளில் அதன் 2.1 மீட்டர் டைட்டேனியம் கோளம்தான் பெரிதாக அடிபடுகிறது. ரசிக்கத் தெரிந்தவர் அதோடு நிற்கக் கூடாது. எந்தெந்தப் பாகம் கடலோடு மல்லுக்கட்டுகிறது, எந்தெந்தப் பாகம் ஒத்துப்போகிறது, மின்சாரம் முழுதும் நின்றுபோனால் கலம் எந்தப் பக்கம் நகரும் என்று கேட்கவேண்டும். வடிவமைத்தவரின் கைத்திறனை எடைபோட, ஆழத்தின் எண்ணைவிட இந்தக் கேள்விகளுக்கான பதில்களே சரியான அளவுகோல்.