கல்வாழைப் படுகை

கல்வாழைப் படுகை என்பது வீட்டுக் கழிவுநீரைத் தூய்மையாக்கும் ஜல்லித் தொட்டி. செப்டிக் டேங்கில் கசடு தங்கியபின், தெளிந்த நீர் ஜல்லிக்குள் மெதுவாக நகர்கிறது. மேலே கல்வாழையோ நாணலோ செழிக்கிறது. நீர் வெளியே தெரிவதில்லை, அதனால் கொசுவுக்கும் இடமில்லை. வேலையில் பெரும்பங்கு கல்லையும் வேரையும் வழுவழுப்பாகப் போர்த்தியிருக்கும் நுண்ணுயிர்களுடையது. வேர் கசியவிடும் ஆக்சிஜனில் ஒரு கூட்டம், அது எட்டாத இடத்தில் இன்னொரு கூட்டம். இந்த அண்டை வாழ்வே படுகையின் அழகு. கழிவுநீரோடு வரும் பாராசிட்டமாலும் காப்பியின் காஃபீனும் இங்கே பெருமளவு சிதைகின்றன. வலிநிவாரணியான டைக்ளோஃபெனாக் அரைகுறையாகத்தான் சிதையும். வலிப்பு மருந்தான கார்பமசெபின் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். அதைப் பிடிக்க, கடைசியில் தேங்காய்ச் சிரட்டையில் செய்த கிளர்வூட்டிய கரி வேண்டும். கரியின் நுண்துளைகள் நிறைந்ததும் மாற்றியாக வேண்டும்.

ஓசூர்ப் பகுதிக்கு இந்தப் படுகை மிகவும் வேண்டியது. பெங்களூரின் கழிவுநீரைச் சுமந்துவரும் தென்பெண்ணை ஆறு, கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்க இறங்கி, கிருஷ்ணகிரி அணைக்குப் போகிறது. சலவைத்தூளின் நுரை கண்ணில் படுகிறது, மருந்துகள் படுவதில்லை. சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றிப் பெருகும் குடியிருப்புகளில், சரிவு இருந்தால் மின்சாரமின்றியே படுகை இயங்கும். ஆளுக்கு ஓரிரு சதுர மீட்டர் இடம் போதும். தழையை அறுப்பதும், ஜல்லி அடைபடாமலிருக்க டேங்கின் கசட்டை எடுப்பதும் பராமரிப்பில் முக்கியமானவை.